முப்பத்தொன்று

கொட்டியாரக் குடாவில்
ஒன்பது காதுகளைக் கட்டி இறக்கியிருக்கிறேன்.
சங்கிலி, சீமெந்துக் கட்டை, ஒரு கருவி.
கடற்படை முகாமில் கேட்டார்கள்:
இது எதைக் கேட்கும்?
மீனை, என்றேன்.
மீன் என்ன சொல்லும்?
தன் இலக்கத்தை, என்றேன்.
அனுமதிக் கடிதம் வர நாலு மாதம்.
அதற்குள் கச்சான் அடித்து ஓய்ந்துவிட்டது.

பாரையின் வயிற்றை ஒரு விரற்கடை கீறி
ஒலிக்குப்பியை உள்ளே வைத்து
மூன்று தையல்.
ஜவாஹிர் வாளியைப் பிடித்தபடி
முகத்தைத் திருப்பிக்கொள்வான்.
கிண்ணியாச் சந்தையில் பதினாறு வருஷம்
மீன் அறுத்த கை அது.
தைக்கிறதைத்தான் பார்க்க ஏலாது என்பான்.
முப்பத்தொன்று, என்று கொப்பியில் எழுதி
வெளிச்சவீட்டு முனைக்கு நேரே
விட்டேன்.
வாலால் ஒருமுறை என் மணிக்கட்டில் அடித்தது.

மற்ற நாட்களில் எனக்கு வயிறுகள்தான் வேலை.
விடியுமுன் கூறுவிலை நடக்கும் இடத்தில்
குடலுக்குப் பேரம் பேசும் ஒருத்தி.
சிரிப்பார்கள்.
பிறகு பொலித்தீன் பையில் முடிந்து தருவார்கள்.
சீலாவுக்குள் சூடை.
சூடைக்குள் பச்சையாய் ஒரு கூழ்.
கலவாய்க்குள் நண்டின் ஒற்றைக் கை,
கிளிமூக்குப் போலக் கணவாயின் அலகு.
ஒன்றுக்குள் ஷாம்பூ உறை;
இன்னும் மணத்தது.

எல்லாவற்றையும் ஒரு பெரிய தாளில்
அம்புக்குறியால் இணைக்கிறேன்.
தின்னப்பட்டதிலிருந்து தின்றதை நோக்கி
அம்பு போகவேண்டும்.
புதிதாய் வரும் மாணவர்கள்
முதல் நாள் அதைத் தலைகீழாய்த்தான் போடுவார்கள்,
வேட்டைக்காரன் எய்ததென்று நினைத்து.

மாசியில் காதுகளை ஏற்றிப் பார்த்தோம்.
முப்பத்தொன்று ஒழுங்கான மீன்.
பொழுதுபட்டால் அதே பாறை.
மகாவலி கலங்கி இறங்கிய கிழமைகளில்
மண்நிறத் தண்ணீரின் கரையைப் பிடித்துக்கொண்டு
நெத்தலிக்குக் காத்திருந்திருக்கிறது.
தை பன்னிரண்டு வரை.

அதற்குப் பிறகு பாறையை மறந்துவிட்டது.
குடாவின் நடுவே நிலம் சட்டென்று கைவிடும்
அந்தப் பள்ளத்தின் விளிம்பில்
இரவெல்லாம் ஏறி இறங்கியது.
ஒரே நாளில் உப்புவெளி வரை போய்த்
திரும்பியது.

கட்டுரையே எழுதத் தொடங்கிவிட்டேன்.
'மாரிகாலத்தில் பாரையின் இடப்பெயர்வு.'
இரண்டு வரைபடம், சிவப்பில் கோடு.

ஜவாஹிர் கோட்டின் மேல் விரலை ஓட்டினான்.
போய், நின்று, திரும்பவும் போய்.
"மெடம், இது பாரை இல்ல.
பாரைய முழுங்கின ஒண்டு."

மின்விசிறி சுற்றியது.

பதினொரு நாள்
ஏதோ ஒரு சுறாவின் நடையைப்
பாரையின் பேரில் வரைந்திருக்கிறேன்.
நான் தைத்த வயிறு இன்னொரு வயிற்றுக்குள் கரைய
குப்பி மட்டும்
முப்பத்தொன்று முப்பத்தொன்று என்று
சொல்லிக்கொண்டே போயிருக்கிறது.
பன்னிரண்டாம் நாள்
ஆறாம் காதுக்குப் பக்கத்தில் அசைவில்லை.
கக்கிவிட்டுப் போயிருக்கும்.
சேற்றில் கிடந்து இன்னும் சொல்கிறது.
மின்கலம் ஐப்பசி வரை தாங்கும்.

கட்டுரையை அழிக்கவில்லை.
தலைப்பில் 'பாரையின்' என்பதை மட்டும் எடுத்துவிட்டு
வேறு சொல் கிடைக்காமல் வைத்திருக்கிறேன்.

தசையின் நைட்ரசனை அளந்தால்
யார் யாருக்கு மேலே என்று தெரியும்.
மீன் மாதிரிகளோடு
என் தலைமயிரில் ஒரு கற்றை,
ஜவாஹிருடையதில் ஒரு கற்றை
அனுப்பியிருந்தேன், விளையாட்டாக.
முடிவு நேற்று வந்தது.
நான் சூடைக்கு மேலே, சூரைக்குக் கொஞ்சம் கீழே.
அவன் சீலாவுக்குப் பக்கத்தில்.

அவனுக்குத் தாங்கவில்லை.
உடனே மனைவிக்குப் போன் எடுத்தான்.
"நான் சீலாவாம், தெரியுமா?"
அந்தப் பக்கம் சட்டி கழுவும் சத்தம் நின்றது.
"தலையும் முள்ளும் தின்னுற நான்
அதில எங்க?"

அவன் என்னைப் பார்த்தான்.
நான் தாளைப் பார்த்தேன்.
அந்த வீட்டிலிருந்து ஒரு மயிர்க்கற்றையும்
வந்திருக்கவில்லை.